காட்டினால் போதுமா, கையில் கொடுக்க வேண்டாமா?

ஞாயிறு இரவு ஒரு மீட்டிங். பழைய மாணவர் சங்கம் ஒன்று, தங்கள் பள்ளியின் பொன்விழாவுக்கு மலர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இரவு எட்டு மணி, சிங்கப்பூரில் பத்தரை, டொரன்டோவில் காலை பத்தரை. பத்துப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பார்வையற்ற தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர். செயலாளர் தம் கணினித் திரையைப் பகிர்கிறார். வரவேற்புரை எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு நடப்பது, இணையவழிக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரிந்த கதை.

"கொஞ்சம் மேலே போங்க சார்."

"இங்கேயா?"

"இன்னும் மேலே. ஆங், அந்த மூணாவது வரி. 'வாழ்த்துக்கள்'னு இருக்கு பாருங்க, அந்த ஒற்றை எடுத்துடுங்க."

"எது, 'த்'தா?"

"இல்ல சார், 'க்'. அதுக்கு அடுத்தது. ஐயையோ, இப்ப 'வாழ்த்தகள்'னு ஆயிடுச்சே!"

புள்ளி வைத்த ஓர் எழுத்தை நீக்க, ஒரே ஒருவருடைய கைக்கு எட்டுப் பேர் வழி சொல்கிறார்கள். பத்துப் பேர் முன்னாலும் விசைப்பலகை இருக்கிறது. பத்துப் பேருக்கும் தமிழ் தெரியும். தமிழாசிரியர் மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை.

இதற்குத்தான் திரைப் பகிர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பெரியது. பந்தியில் இலை போட்டுப் பரிமாறுவது பகிர்வு. பலகாரத்தைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து வெளியே நிற்பவருக்குக் காட்டுவதைத் தமிழில் யாரும் பகிர்வு என்று சொல்வதில்லை. இணையவழிக் கூட்டங்களில் மென்பொருளைப் பகிர்ந்து வேலை செய்வது என்ற எண்ணம் பந்தியாகத்தான் பிறந்தது. அது எப்படி அலமாரியாக மாறியது என்று தெரிந்துகொள்வது நல்லது. மீட்டெடுக்கக் கூடியது அதில் நிறையவே இருக்கிறது.

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் கணினித் துறையினரின் மாநாடு. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர் காதில் ஹெட்ஃபோனும் வாயருகே மைக்குமாக மேடையில் உட்கார்ந்தார். அவர் இயக்கிய கணினி அந்த அரங்கில் இல்லை. சுமார் 30 மைல் தொலைவில், மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் இருந்தது. படம் நுண்ணலை வழியாக வந்து அரங்கின் பெரிய திரையில் விழுந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில், ஆயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, மவுஸை நகர்த்தினார். ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும் இணைப்பைக் காட்டினார். மளிகைப் பட்டியல் ஒன்றைத் திரையிலேயே வகை பிரித்து அடுக்கினார். மவுஸ் அறிமுகமான நாள் என்றே அந்த நாளைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதற்குப் பின்னால் நடந்த ஒரு சிறு காட்சி.

மென்லோ பார்க்கிலிருந்து பில் பாக்ஸ்டன் என்ற இளம் ஆய்வாளரின் முகம் திரையின் ஓர் ஓரத்தில் தோன்றியது. மீதித் திரையில் இருவருக்கும் பொதுவான ஒரே எழுத்துப் பக்கம். இருவருக்கும் தனித்தனிச் சுட்டிகள். ஆய்வகத்தார் வழக்கில் அவற்றுக்குப் பூச்சி என்று பெயர். இருவரும் பேசிக்கொண்டே ஒரே பக்கத்தின் மீது தத்தம் பூச்சியை ஓட்டினார்கள். எங்கல்பார்ட் அப்போதே ஒரு விதியையும் அவையோருக்குச் சொன்னார். பாக்ஸ்டனின் சுட்டி இடம் காட்டலாம். உரையைத் தொட்டு மாற்றும் உரிமை இந்த நேரத்தில் தம் சுட்டிக்கே உண்டு.

முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, ஒரே ஆவணம் இருவர் முன்னாலும் இருக்கிறது, கை யாருடையது என்ற ஏற்பாடும் இருக்கிறது. 2020இல் உலகம் அவசரமாகக் கற்றுக்கொண்ட எல்லாமும் அந்தச் சில நிமிடங்களில் இருந்தன. இன்றைய கூட்டங்களில் அநேகமாகக் காணாமல் போய்விட்ட இரண்டாவது சுட்டியும் அங்கே இருந்தது.

1980களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் ஸ்டெஃபிக்கும் அவருடைய குழுவினரும், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கணினி வைத்த கூட்ட அறையைக் கட்டினார்கள். 'நீ பார்ப்பதையே நானும் பார்க்கிறேன்' என்பது அந்த அறையின் கொள்கை. அதை அப்படியே பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது என்பதையும் அவர்களே 1987இல் எழுதினார்கள். எல்லோருடைய சுட்டியும் எல்லோர் திரையிலும் ஓடினால் கவனம் சிதறுகிறது. ஒருவர் இரண்டாம் பக்கத்தைத் திருத்தும்போது இன்னொருவர் ஐந்தாம் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறார். ஆகவே பொருள் பொதுவாக இருக்கட்டும், பார்வை அவரவருடையதாக இருக்கட்டும் என்று கொள்கையைத் தளர்த்தினார்கள். செயலாளர் பக்கத்தை உருட்டினால் பத்துப் பேருக்கும் சேர்ந்தே உருளும் இன்றைய கூட்டத்தில், அந்தத் தளர்வைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக் கணினிக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்டின் நெட்மீட்டிங். 1996இல் வந்தது, இலவசம். தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 28.8 கிலோபிட் என்ற வேகத்தில் மோடம்கள் தரவைக் கடத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேகத்தில் திரையைப் படம் பிடித்து முழுதாக அனுப்ப முடியாது. ஆகவே நெட்மீட்டிங் பின்பற்றிய முறையில், படத்தை அனுப்புவதற்குப் பதிலாக, முடிந்தவரை வரைவதற்கான கட்டளைகளே போயின. 'இந்த இடத்தில் இந்த எழுத்துகளைப் போடு, இந்த அளவில் ஒரு கட்டம் வரை' என்ற குறிப்பு போகும். எதிர்முனைக் கணினி அதைப் படித்துத் தானே வரைந்துகொள்ளும். கோலத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புவதற்கும், எத்தனை புள்ளி, எந்த வரிசை, எப்படி இணைப்பது என்று தொலைபேசியில் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

நெட்மீட்டிங்கில் இன்னொரு பண்பும் இருந்தது. முழுத் திரையையும் பகிர வேண்டியதில்லை. பயனர் தேர்ந்த ஒரு மென்பொருளை மட்டும் பகிரலாம். அதன் மேல் வேறொரு ஜன்னல் வந்து மறைத்தால், மறைந்த பகுதி மற்றவர்களுக்குக் கோடு போட்ட வெற்றிடமாகத் தெரிந்தது. தனிப்பட்ட கடிதம் திறந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியும். என்ன என்பது தெரியாது. பகிர்பவர் அனுமதித்தால் மற்றவர் ஒரு சொடுக்கில் அந்த மென்பொருளைத் தம் கைக்கு வாங்கி இயக்கலாம், பிறகு திருப்பிக் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கை.

இதற்கெல்லாம் அடியில் டி.120 என்ற பொதுத் தரத் தொகுப்பு இருந்தது. ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990களில் வகுத்தது. வெண்பலகைக்கு ஒன்று, கோப்பு அனுப்ப ஒன்று, மென்பொருளைப் பகிர டி.128 என்று பகுதி பகுதியாக எழுதினார்கள். ஒரு நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவரும் இன்னொரு நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவரும் ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்த நிறுவனத்தின் தொலைபேசியிலிருந்தும் எந்த எண்ணையும் அழைக்கலாம் என்பது போன்ற எளிய நாகரிகம். 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் நெட்மீட்டிங் இல்லை. அந்தப் பொதுத் தரமும் கூட்டங்களின் உலகிலிருந்து மெல்ல விலகியது.

பதிலாக வென்றது படம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகம் உருவாக்கி 1998இல் விளக்கமாக எழுதிய வி.என்.சி. என்ற முறை அழகானது, மிக எளியது. திரையில் எந்தச் செவ்வகம் மாறியதோ அந்தச் செவ்வகத்தின் புள்ளிகளை அனுப்பு. எதிர்முனையில் நடக்கும் விசைத் தட்டலையும் மவுஸ் அசைவையும் திருப்பி வாங்கு. விண்டோஸா, மேக்கா, யூனிக்ஸா என்ற கேள்வியே எழாது. புள்ளி எங்கும் புள்ளிதான். அந்த எளிமைதான் அதன் பலம். அதே காலத்தில் சுப்ரா ஐயரும் மின் ஜூவும் தொடங்கிய வெப்எக்ஸ், உலாவி வழியாகக் கூட்டம் நடத்துவதைத் தொழிலாக்கியது. 2007இல் சிஸ்கோ அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. வெப்எக்ஸின் தொடக்ககாலப் பொறியாளர்களில் ஒருவரான எரிக் யுவான் 2011இல் வெளியேறி ஜூம் நிறுவனத்தைத் தொடங்கினார். 2019 டிசம்பரில் நாளுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. இணைய வேகம் வளர்ந்துவிட்டது. திரையைப் படமாக அழுத்திச் சுருக்கி அனுப்பும் நுட்பமும் வளர்ந்துவிட்டது. எதை வேண்டுமானாலும் படமாக அனுப்பலாம் என்ற நிலை வந்ததும், வேறு விதமாக அனுப்புவது பற்றி யோசிப்பதே நின்றுபோனது.

படத்தின் விலை என்ன என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு எச்.டி. திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காத ஒரு சட்டகம் 62 லட்சம் பைட். 'வாழ்த்துகள்' என்ற சொல்லோ யூனிகோடில் 11 குறியீடுகள். இணையத்தில் வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்; ஆக 33 பைட். சுருக்கும் நுட்பங்கள் படத்தின் எடையைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன என்பது உண்மை. அந்தச் சுருக்கத்தில்தான் தமிழுக்கு அடி விழுகிறது. ஆங்கில எழுத்து சற்று மங்கினாலும் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் மெய்க்கும் உயிர்மெய்க்கும் நடுவே நிற்பது தலைமேல் ஒரு புள்ளி மட்டுமே. ஆசிரியர் மடிக்கணினியில் காட்டும் இலக்கணப் பாடம், கிராமத்துப் பிள்ளை ஒன்றின் ஆறங்குலக் கைபேசியில் சுருங்கி வந்து சேரும்போது, முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். அதே பாடத்தை எழுத்தாகவே அனுப்பியிருந்தால், பிள்ளையின் கைபேசி தன் எழுத்துருவில் தெளிவாக வரைந்திருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்திருக்கலாம். நோட்டில் எழுதி முடிக்கும் முன்னே பக்கம் மாறிவிட்டது என்ற தவிப்பும் இருந்திருக்காது. 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில், படத்தை அனுப்புவது வசதி என்று எடுத்த முடிவின் சுமையைப் பிள்ளைகளின் கண்களும் பெற்றோரின் டேட்டா பேக்கும் சுமந்தன.

படமாகக் காட்டுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் பேச வேண்டும் என்றால் படம்தான் வேண்டும். விற்பனைக்கு முன் மென்பொருளை இயக்கிக் காட்டுபவருக்கும் படம் போதும். கோப்பு தன் கணினியைவிட்டுப் போகக் கூடாது, ஆனால் எதிரே இருப்பவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நிலையிலும் படமே பாதுகாப்பு. எதிர்முனையில் அந்த மென்பொருள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்பது இன்னொரு பெரிய நன்மை. திருப்பூரில் ஒரு சிறு பனியன் கம்பெனியின் கணக்கு அங்கே உள்ள ஒரே கணினியில் டேலியில் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகம் ஊரின் மறுகோடியில். மாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவம் போட வேண்டும். ஆடிட்டரின் உதவியாளர் எனிடெஸ்க் என்ற செயலி வழியாகக் கம்பெனிக் கணினிக்குள் வந்து, உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பதிவுகளைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். அரை நாள் பயணம் மிச்சம். சிறுதொழில் ஊர்களில் இது அன்றாட நடைமுறை. இது காட்டுவது மட்டும் அல்ல, கையையே கொடுப்பது.

கையைக் கொடுக்கும் இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி இதே செயலியின் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவன் செயலியை இறக்கச் சொல்கிறான். திரையில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கிறான். அனுமதிகளைக் கொடுக்கச் சொல்கிறான். அதோடு கைபேசி அவன் கைக்குப் போய்விடுகிறது. செயலியில் குற்றம் எதுவும் இல்லை. ஆடிட்டரின் உதவியாளருக்குப் பயன்படும் அதே கதவுதான். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் காணொளி அழைப்புக்குள்ளேயே திரையைக் காட்டும் வசதி வந்த பிறகு, தனிச் செயலியை இறக்கவைக்கும் வேலையும் மோசடிக்காரனுக்கு மிச்சமானது. அங்கே அவனால் இயக்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும், ஆனால் ஓ.டி.பி.யைத் திருட அதுவே போதும்.

கணினியை நன்கு அறிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2025 ஏப்ரலில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தந்திரத்தை விவரித்தது. பத்திரிகையாளர்கள் என்று சொல்லிக்கொண்டு கிரிப்டோ தொழில் புள்ளிகளை ஜூம் பேட்டிக்கு அழைக்கிறது ஒரு கும்பல். பேட்டி கொடுப்பவர் திரையைக் காட்டும் நேரம் பார்த்து, எதிரே இருப்பவன் அவருடைய கணினியை இயக்க அனுமதி கேட்கிறான். கேட்பதற்கு முன் தன் பெயரை 'ஜூம்' என்று மாற்றி வைத்துக்கொள்கிறான். பேசிக்கொண்டிருப்பவர் கண்ணில் படுவது, உங்கள் திரையை இயக்க ஜூம் அனுமதி கேட்கிறது என்ற அறிவிப்பு. மென்பொருள்தான் ஏதோ கேட்கிறது என்று நினைத்துச் சம்மதிக்கிறார். நிரலில் எந்த ஓட்டையும் இல்லை. கை யாருக்குப் போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லாத ஒரு பெட்டி இருந்தது, அவ்வளவுதான். எங்கல்பார்ட் ஆயிரம் பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன விதி, இங்கே ஓர் அறிவிப்புப் பெட்டியின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

திரையைக் காட்டும்போது எவ்வளவு காட்டுகிறோம் என்பதும் கேள்விதான். மீட்டிங் நடுவே சம்பளப் பட்டியல் எட்டிப்பார்த்த சங்கடமும், மனைவியின் வாட்ஸ்அப் செய்தி பெரிய திரையில் மிதந்த சங்கடமும் எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. முழுத் திரையைக் காட்டாமல் ஒரு ஜன்னலை மட்டும் காட்டுவதே முறை. அதிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது என்பதை 2021 மார்ச்சில் ஜெர்மனியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஜூமில் ஒரு மென்பொருளின் ஜன்னலை மட்டும் பகிர்ந்தாலும், வேறொரு ஜன்னலைத் திறக்கும் நொடியில் அதன் உள்ளடக்கம் மற்றவர்களுக்கு ஒரு கணம் தெரிந்துவிடக்கூடும் என்று கண்டார்கள். கண்ணுக்கு மின்னல் போலத்தான். கூட்டத்தைப் பதிவு செய்பவர் அந்த மின்னலை நிறுத்திப் படிக்கலாம். நெட்மீட்டிங்கின் கோடு போட்ட வெற்றிடத்தை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆவணத்தையே பகிர்ந்தால் இந்தச் சிக்கல்களில் பல எழுவதே இல்லை. எழுவது வேறொரு சிக்கல். அதைத் தீர்க்க 1989இலேயே வழி சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்வைப் புரிந்துகொள்ள மலர்க்குழுவின் 'வாழ்த்துக்கள்' போதும்.

அந்தச் சொல்லில் 'வாழ்த்து' என்பது யூனிகோடில் 8 குறியீடுகள். நீக்க வேண்டிய 'க்', 9ஆம் 10ஆம் இடங்களில் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர் அதை நீக்குகிறார். அதே நொடியில் டொரன்டோக்காரர் முன்னால் 'இனிய' என்ற சொல்லையும் ஓர் இடைவெளியையும் சேர்க்கிறார், 5 குறியீடுகள். '9, 10ஐ நீக்கு' என்ற சிங்கப்பூர்க் கட்டளை டொரன்டோ போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் ஐந்து இடம் தள்ளிப்போயிருக்கிறது. சொன்னதை அப்படியே செய்தால் 'இனிய வாழ்துக்கள்' என்று சொல் உடையும். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பணியாற்றிய எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர், கட்டளையையே திருத்து என்றார்கள். வந்து சேரும் கட்டளை, தனக்கு முன் என்ன நடந்தது என்று பார்த்து 9ஐ 14 ஆக்கிக்கொள்ள வேண்டும். பிறகு எந்த வரிசையில் வந்தாலும் எல்லார் திரையிலும் முடிவு ஒன்றாகவே இருக்கும். இந்த எண்ணத்தின் வாரிசுகள்தான் இன்று கூகுள் டாக்ஸ் போன்றவற்றின் அடியில் ஓடுகின்றன. சென்னையில் உருவான ஜோஹோ ரைட்டர் 2005இலேயே உலாவிக்குள் எழுதும் வசதியோடு வந்தது. கூகுள் டாக்ஸ் எழுத்துக்கு எழுத்து உடனுக்குடன் எல்லாருக்கும் தெரியும் நிலைக்கு 2010இல் வந்தது.

எழுத்தோடு இது நிற்கவில்லை. 2016இல் வெளியான ஃபிக்மா, வடிவமைப்பாளர்கள் பலர் ஒரே வரைபலகையில் பெயரிட்ட வண்ணச் சுட்டிகளோடு வேலை செய்ய வழிவகுத்தது. அந்த நிறுவனத்தை 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி 2022இல் முன்வந்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது. நிரல் எழுதுவோருக்காக மைக்ரோசாஃப்ட் 2017இல் அறிவித்த லைவ் ஷேர் இன்னும் கவனிக்கத்தக்கது. அதில் திரை போவதே இல்லை. நிரல் மட்டும் பொதுவாகிறது. இருவரும் அவரவர் எழுத்து அளவில், அவரவர் நிறத்தில், அவரவர் பழகிய விசைகளோடு வேலை செய்கிறார்கள். ஜெராக்ஸ் பார்க் கேட்ட தளர்வு இதுவே.

எல்லாம் முன்னேற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்கிரீன்ஹீரோ என்ற சிறு நிறுவனம் பகிர்ந்த திரையில் இருவருக்கும் தனித்தனிச் சுட்டி கொடுத்தது. இருவருமே தட்டச்சு செய்யலாம். நிரலாளர்கள் அதை விரும்பினார்கள். 2015இல் ஸ்லாக் அதை வாங்கிச் சில காலம் தன் அழைப்புகளுக்குள் வைத்திருந்தது. 2019இல் எதிரில் இருப்பவர் இயக்கும் வசதியை எடுத்துவிட்டது. காட்டுவது மட்டும் மிஞ்சியது. பெரிய நிறுவனங்கள் கணக்குப் பார்க்கும்போது முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது கைதான் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமான காரணம் ஒன்று உண்டு. பகிரப்பட்ட திரை என்பது எதிர்முனைக்கு ஒரு வீடியோ. அதில் எழுத்து இல்லை. எழுத்தின் நிழல் இருக்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்த வீடியோவில் படிக்க எதுவும் காண்பதில்லை. ஒன்பது பேர் 'அந்த மூணாவது வரி' என்று பேசிக்கொண்டிருக்கும்போது பத்தாமவருக்கு மூன்றாவது வரியே கிடையாது. அவர் திறமை குறைந்தவர் அல்லர். பொருளைக் கொடுக்காமல் படத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கருத்துச் சொல்லவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவது அநீதி.

தீர்வு எங்கே இருக்கிறது என்பதைப் பார்வையற்றவர்களே காட்டியிருக்கிறார்கள். என்.வி.டி.ஏ. என்பது ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட இலவசத் திரைவாசிப்பான். தமிழிலும் பேசும். 2015இல் கிறிஸ்டஃபர் டோத், டைலர் ஸ்பைவி என்ற இருவர் அதற்கு ஒரு துணைநிரல் எழுதினார்கள். ஒரு பார்வையற்றவர் இன்னொருவரின் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கலாம். அதில் படம் ஒன்றும் போவதில்லை. இங்கிருந்து விசைத் தட்டல் போகிறது. அங்கிருந்து, கணினி பேச வேண்டிய சொற்கள் எழுத்தாக வருகின்றன. அதை இவருடைய கணினி இவருக்குப் பழகிய குரலிலும் வேகத்திலும் படித்துச் சொல்கிறது. மெதுவான இணைப்பிலும் ஓடும். பயனுள்ளது என்று தெரிந்ததால் 2025இல் அந்த வசதி என்.வி.டி.ஏ.வுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுப் படத்தை நேர்த்தியாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்தச் சிறு குழு பொருளை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்கலாம். கூட்டத்துக்கு லிங்க் அனுப்புபவர், பேசப்போகும் ஆவணத்தின் லிங்க்கையும் அதே செய்தியில் அனுப்ப வேண்டும்; யாருக்கு எழுத உரிமை, யாருக்குக் கருத்துச் சொல்ல மட்டும் உரிமை என்பதை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். எல்லாரும் தொட்டால் குழப்பம் வரும் என்பது செயலாளர்களின் நியாயமான அச்சம். அதற்காகத்தான் உரிமை வகைகள் இருக்கின்றன. யார் எப்போது எதை மாற்றினார் என்ற பழைய பதிவும் இருக்கிறது. திரையைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஜன்னலை மட்டும் காட்டி, அதில் உள்ளதை வாயால் படித்தும் சொல்லலாம். தொலைவிலிருந்து இயக்கும் வசதியை நிறுவனக் கணக்கில் மூடிவைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் திறக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வங்கியின் பெயரைச் சொல்லி யார் திரையைக் காட்டச் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும் என்பதையும், பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அரசுத் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்பு இன்னும் அதிகம். கூட்ட மென்பொருளை மொத்தமாக வாங்குபவர்கள் அவர்கள். ஒரு நிறுவனத்தின் கருவிக்குள் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் கூட்டத்தில் தம் மென்பொருளைப் பகிர முடியாத நிலையை மாற்றும் வலிமை ஒப்பந்தப் புள்ளி கோரும் அறிவிப்பை எழுதும் கைக்கு உண்டு. காட்டப்படும் ஆவணத்தின் எழுத்தும் கூடவே வர வேண்டும், திரைவாசிப்பான் படிக்க வேண்டும், இயக்கும் உரிமை கேட்பவர் யார் என்பது தமிழிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அந்த அறிவிப்பில் மூன்று வரி எழுதினால், விற்க வருபவர்கள் செய்துதான் தருவார்கள். 1990களில் உலகமே உட்கார்ந்து இப்படி ஒரு பொதுத் தரத்தை எழுதியதுதானே.

அடுத்த ஞாயிறு மலர்க்குழு மறுபடி கூடுகிறது. இந்த முறை செயலாளர் திரையைக் காட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆவணத்தின் லிங்க்கைப் போட்டுவிட்டார். டொரன்டோவில் ஒருவர் தலைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் ஒருவர் பழைய தலைமையாசிரியர்களின் பட்டியலில் விடுபட்ட பெயரைச் சேர்க்கிறார். தமிழாசிரியரின் கணினி மூன்றாவது வரியை அவர் காதில் எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. அவர் இரண்டு முறை பின்னழிப்பு விசையைத் தட்டிவிட்டு, ஐந்தாம் பக்கத்திலும் இதே பிழை இருக்கிறது, தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.